தோட்டத் தடுப்புச் சுவரின் முதுகுப்பக்கம்: வடிகால் பற்றி ஓர் எளிய விளக்கம்

தோட்டத்து மேட்டைத் தாங்கிப் பிடிக்கக் கட்டிய சுவர் இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து முன்பக்கமாகச் சாய்ந்தால், பழி சிமெண்ட் மீதோ கொத்தனார் மீதோதான் விழும். கலவை சரியில்லை, அஸ்திவாரம் ஆழம் போதவில்லை, கம்பி போடவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சாய்ந்த சுவரை இடித்துப் பின்னால் பார்த்தால் அடிக்கடி கண்ணில் படுவது வேறு: சொதசொதவென்று ஊறிப்போன மண், வெளியேற வழியில்லாமல் நிற்கும் தண்ணீர்.

மண்ணைத் தாங்கக் கட்டிய சுவரிடம் தண்ணீரையும் சேர்த்துத் தாங்கு என்று சொல்லக் கூடாது. தண்ணீரைத் தாங்குவதற்கு அணைக்குரிய கனமும் அடி அகலமும் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை, கட்டவும் வேண்டாம். வந்த தண்ணீர் நிற்காமல் போனால் போதும். சுவருக்குப் பின்னால் செய்யும் வடிகால் வேலை முழுவதும் அதற்காகத்தான்.

தண்ணீருக்கு அவ்வளவு பலமா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சுவரின் உயரம் 1.2 மீட்டர். பின்னால் இருப்பது மணற்பாங்கான சாதாரண மண், மேல்பரப்பு சமதளம், ஈரம் அதிகமில்லை. இந்த மண் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 440 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் தள்ளும். இப்போது அதே மண் உச்சிவரை நீரில் நிரம்பி, நீர் வடியாமல் நிற்கிறது என்று வையுங்கள். நீருக்குள் மூழ்கிய மண்ணின் எடை குறைவதால் அதன் தள்ளுவிசை 250 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் தண்ணீர் தன் பங்குக்கு 720 கிலோ சேர்த்துக்கொள்ளும். ஆக மொத்தம் 970 கிலோ. சுவர் அதேதான், மண்ணும் அதேதான். சுமை மட்டும் இரு மடங்கைத் தாண்டிவிட்டது.

மண்ணைவிட லேசான தண்ணீர் எப்படி இவ்வளவு தள்ளுகிறது? மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து, தங்கள் எடையில் பெரும்பகுதியைத் தாங்களே தாங்கிக்கொள்கின்றன. மணலைக் கொட்டினால் குவியலாக நிற்பது அதனால்தான். தண்ணீரைக் குவிக்க முடியாது. அதற்குள் உராய்வு இல்லை. கீழே எவ்வளவு அழுத்துகிறதோ அதே அளவு பக்கவாட்டிலும் அழுத்தும்.

இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தை மட்டுமே பொறுத்தது, அளவைப் பொறுத்தது அல்ல. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி விழுந்து, அதில் 1.2 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவருக்கு அது ஒரு குளமே நிற்பதற்குச் சமம். 6 மீட்டர் நீளச் சுவரின் பின்னால் அப்படி ஓர் இடைவெளியை நிரப்ப 144 லிட்டர் போதும். அந்த 144 லிட்டர், சுவர் முழுவதையும் 4 டன்னுக்கும் அதிகமான விசையோடு தள்ளும். "எங்கள் தோட்டத்தில் அவ்வளவாகத் தண்ணீர் வராது" என்ற சமாதானம் எடுபடாமல் போவது இதனால்தான்.

தள்ளுவதோடு தண்ணீர் நிற்பதில்லை. அஸ்திவாரத்துக்கு அடியிலுள்ள மண்ணை இளக்கும். அடியில் புகுந்து சுவரை மேல்நோக்கி உந்துவதால், சுவர் தன் எடையால் பெறும் பிடிமானமும் குறையும். பின்னால் இருப்பது களிமண்ணாக இருந்தால் நனையும்போது வீங்கித் தள்ளும். காயும்போது சுருங்கி வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் மேல்மண் சரிந்து விழுந்து நிரம்பும். அடுத்த மழையில் களிமண் மறுபடி வீங்க இடமில்லாமல் சுவரை இன்னும் கொஞ்சம் நகர்த்தும். உறைபனி விழும் நாடுகளில் மண்ணிலுள்ள நீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் பருத்து அதே வேலையைச் செய்கிறது.

தண்ணீரை விடு, மண்ணைப் பிடி

வடிகால் என்றதும் சுவருக்குப் பின்னால் ஜல்லியைக் கொட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். பாதி சரி. ஜல்லிக் கற்களுக்கு நடுவிலுள்ள சந்துகள் பெரியவை. தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும். ஆனால் அதே சந்து வழியாக மண்ணும் இறங்கும். ஒவ்வொரு மழையும் கொஞ்சம் வண்டலை ஜல்லிக்குள் கொண்டுவந்து சேர்க்கும். சில ஆண்டுகளில் சந்துகள் அடைபட்டு, ஜல்லி இருந்தும் இல்லாத நிலை வந்துவிடும். இன்னொரு பக்கம், மேட்டிலிருந்து அந்த மண் கிளம்பிப் போனதால் மேலே புல்தரையில் பள்ளம் விழும்.

ஆகவே ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு வடிகட்டி வேண்டும். மண் இயந்திரவியலுக்கு அடித்தளமிட்ட கார்ல் டெர்சாகி இதற்கு ஒரு விதி வகுத்தார்; பொறியாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மண்ணைச் சலித்தால் எடையில் 85 சதவீதம் எந்த அளவைவிடப் பொடியாக இருக்கிறது என்று பாருங்கள். வடிகட்டும் பொருளில் 15 சதவீதம் எந்த அளவைவிடப் பொடியாக இருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டாவது அளவு, முதலாவதைப் போல நான்கைந்து மடங்குக்குள் இருந்தால் மண் நகராது. மண்ணின் பெரிய துகள்கள் வடிகட்டியின் வாயில் சிக்கி நிற்கும். அவற்றுக்குப் பின்னால் சிறிய துகள்கள் சிக்கி நிற்கும்.

எண்களில் வைத்துப் பார்த்தால் சங்கதி உடனே விளங்கும். தோட்டத்து மண்ணின் அந்த 85 சதவீத அளவு அரை மில்லிமீட்டர் என்றால், வடிகட்டியின் 15 சதவீத அளவு 2 அல்லது 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதாவது பெருமணல். 20 மி.மீ. ஜல்லியில் அந்த அளவு 10 மி.மீ.க்கும் மேலே இருக்கும். எனவே ஜல்லி தனியாக அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தாது. நடுவே பெருமணல் அடுக்கு ஒன்று வைக்கலாம். பழைய முறை அதுதான், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 10 செ.மீ. தடிமனில் நின்ற வாக்கில் மணலடுக்கைக் கலக்காமல் ஏற்றிக்கொண்டு போவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அந்த இடத்தைத்தான் இப்போது, தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்தும் ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி பிடித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாளும் தண்ணீர் கலங்கியே நின்றால் களிமண் இருக்கிறது. வண்டல் அடுக்கு தடிமனாக இருந்தால் வடிகட்டி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மிக எளிதாக நகர்ந்து வடிகாலை அடைப்பது வண்டல்தான்.

பொருள்கள்

ஜல்லி 20 மி.மீ. அளவில், ஒரே அளவுக் கற்களாக, தூசியில்லாமல் இருக்க வேண்டும். சாலைக்குப் போடும் தூள் கலந்த கலவை ஜல்லி இங்கே ஆகாது. அது இறுகுவதற்காகவே செய்யப்பட்டது. இறுகினால் தண்ணீர் போகாது. வந்திறங்கிய ஜல்லியில் ஒரு கை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் சேறாக மாறினால் கழுவாமல் போடாதீர்கள்.

இடித்த வீட்டுக் கழிவைச் சுவருக்குப் பின்னால் கொட்டுவது பரவலான பழக்கம். செங்கல் துண்டு, பூச்சு உதிரி, காய்ந்த கலவைக் கட்டி எல்லாம் கலந்து போடும்போது ஜல்லி மாதிரியே தெரியும். பூச்சும் கலவையும் நனைந்து நொறுங்கித் தூளாகி, இருக்கும் சந்துகளையெல்லாம் அடைத்துவிடும். தூக்கிப்போட வேறு இடம் இல்லை என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

துணி நெய்யாத வகையாக, ஊசியால் குத்தி இறுக்கிய ஜியோடெக்ஸ்டைலாக இருக்கட்டும். தொட்டால் கம்பளி போலிருக்கும். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ளது தோட்டச் சுவருக்குப் போதும். களை வளராமல் இருக்க விரிக்கும் நெய்த பாய் வேறு. பிளாஸ்டிக் தாள் முற்றிலும் வேறு. அதைச் சுவரின் பின்முகத்தில் ஒட்டினால் சுவர் ஈரமாகாது, ஆனால் தண்ணீரின் அழுத்தம் ஒரு கிலோகூடக் குறையாது. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே அதை வைத்தாலோ வடிகாலுக்கே பூட்டுப் போட்டது போலாகும்.

குழாய் 100 மி.மீ. விட்டமுள்ள, துளையிட்ட பைப். துளையிட்டே விற்பதும் உண்டு. இல்லாவிட்டால் பிவிசி பைப்பில் 10 மி.மீ. துளைகளை 10 செ.மீ.க்கு ஒன்றாக, இரண்டு வரிசையாக நீங்களே போடலாம். கடிகார முகப்பாகக் குழாயின் வாயைப் பார்த்தால், ஒரு வரிசை 4 மணி இடத்திலும் மற்றது 8 மணி இடத்திலும் வர வேண்டும். அதாவது துளைகள் கீழ்நோக்கி இருக்கும். முதல்முறை செய்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்: தண்ணீர் மேலிருந்துதானே வருகிறது, துளை மேலே இருந்தால்தானே நுழையும்? ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீர் அடியில் சேர்ந்து, அங்கிருந்து மெல்ல மட்டம் உயரும். துளை கீழே இருந்தால் மட்டம் சற்று உயர்ந்ததுமே குழாய்க்குள் நுழைந்து ஓடத் தொடங்கிவிடும். மேலே இருந்தால் குழாயின் உச்சிவரை, 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி அஸ்திவாரத்தை ஊறவைக்கும். மேலிருந்து விழும் தூசியும் நேராக உள்ளே போகும்.

சில குழாய்கள் துணி உறை மாட்டியே வரும். ஜல்லியைச் சுற்றி ஏற்கனவே துணி இருக்கும்போது குழாய்க்கும் உறை போடுவது இரட்டை வேலை. வண்டல் மண்ணில் அந்தச் சிறிய உறைதான் முதலில் அடைபடும். ஜல்லி முழுவதையும் சுற்றிய துணிக்குப் பரப்பு பல மடங்கு அதிகம் என்பதால் அது அடைபடுவதற்கு நெடுங்காலம் ஆகும். ஜல்லியைச் சுற்றுங்கள், குழாயை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கொத்தனார்கள் வீப் ஹோல் என்று சொல்லும் கசிவுத் துளைகள். சுவரின் குறுக்கே 50 அல்லது 75 மி.மீ. பைப் துண்டுகளை, முன்பக்கத் தரைக்கு 10 முதல் 15 செ.மீ. மேலே, 1.5 மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் லேசான வாட்டத்தோடு, அதாவது சரிவோடு, வைத்துக் கட்டுவது. பின்பக்கக் குழாய் இருக்கும்போது இவை எதற்கு என்று கேட்கலாம். ஒரு மீட்டருக்குக் குறைவான சுவருக்கு ஜல்லியும் கசிவுத் துளையும் மட்டுமே போதும் என்பது உண்மை. அதற்கு மேல் உயரமென்றால் இரண்டையும் வைப்பது நல்லது. குழாய் அடைபட்டால் அது வெளியே தெரியாது. கசிவுத் துளையில் திடீரென்று தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் கீழே குழாய் வேலை செய்யவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

கலவையில்லாமல் அடுக்கிய கல்சுவருக்கும் கம்பிக் கூடைக்குள் கல் நிரப்பிய சுவருக்கும் கசிவுத் துளை வேண்டாம்; சுவர் முழுக்கவே துளைதான். ஆனால் பின்னால் துணி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மண் கல்லிடுக்கு வழியே முன்பக்கம் வழிந்துவிடும்.

வேலையின் வரிசை

6 மீட்டர் நீளம், முன்பக்கத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரமுள்ள சுவரை வைத்தே சொல்கிறோம். வாங்க வேண்டியவை: ஜல்லி 2 கன மீட்டர், அதாவது சுமார் 70 கன அடி, எடையில் ஏறக்குறைய 3 டன். 2 மீட்டர் அகலத் துணி 7 மீட்டர் நீளம். துளையிட்ட 100 மி.மீ. பைப் 6 மீட்டர், துளையில்லாதது இரண்டரை மீட்டர், 45 பாகை வளைவு இரண்டு, மூடி ஒன்று, வெளிவாய்க்கு ஒரு வலை. கசிவுத் துளைக்கு, சுவரின் தடிமனைவிட 5 செ.மீ. கூடுதலாக நறுக்கிய பைப் துண்டுகள் நான்கு.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பது. பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். வெளிவாய் இல்லாத குழாய் வெறும் நிலத்தடித் தொட்டிதான். நிரம்பியதும் சுவரைத் தள்ள ஆரம்பிக்கும். சுவரின் எந்த முனைக்கு அப்பால் நிலம் தாழ்வாக இருக்கிறதோ அந்தப் பக்கம் குழாயை வெளியே எடுக்க வேண்டும். தண்ணீர் அண்டை வீட்டு நிலத்திலோ சுவரின் அடியிலேயோ விழக் கூடாது. விழும் இடத்தில் கொஞ்சம் கல் பரப்பிவிட்டால் மண் அரிக்காது.

சுவர் எழும்பும்போதே கசிவுப் பைப்புகளை வைத்துவிட வேண்டும். வைக்கும்போது இரண்டு வாயிலும் காகிதத்தைத் திணித்துவையுங்கள். கலவை உள்ளே வழிந்து இறுகிவிட்டால் பிறகு உளி வைத்துத்தான் உடைக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் காகிதத்தை எடுக்க மறக்காதீர்கள்.

கலவையில் கட்டிய சுவரைக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஆற்றிய பிறகே பின்னால் நிரப்பத் தொடங்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவருக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். அவசரப்பட்டு நிரப்பி, பிறகு வெடிப்பைப் பார்த்து வருந்தும் இடங்களில் இது முதன்மையானது.

அஸ்திவாரம் முன்பக்கத் தரைக்குக் கீழே இருக்கும். ஆனால் குழாயோ முன்பக்கத் தரைமட்டத்துக்குக் கீழே போனால் தண்ணீரை வெளியே எடுக்க முடியாது. ஆகவே சுவருக்குப் பின்னால் அஸ்திவாரத்துக்கு மேலே கிடக்கும் பள்ளத்தைக் களிமண் போட்டுத் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, தரைமட்டம் வரை கொண்டுவாருங்கள். அந்த மேல்பரப்பைக் குழாயின் வாட்டத்துக்கே சரியாக இழைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டு அங்கேயும் ஜல்லியை நிரப்பினால், குழாய்க்குக் கீழே உள்ள ஜல்லியில் தண்ணீர் நிரந்தரமாக நின்றுகொண்டிருக்கும்.

வாட்டம் மீட்டருக்கு 1 செ.மீ. வெளிவாய் வரை 7 மீட்டர் ஓட்டமென்றால் மொத்த இறக்கம் 7 செ.மீ. கண்ணளவில் இதைப் பிடிக்க முடியாது. இரு முனையிலும் முளையடித்து, டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) வைத்துக் குறி எடுத்து, நூல் கட்டுங்கள். ஒரே சீராக இறங்க வேண்டும். நடுவில் ஓர் இடம் தொய்ந்துவிட்டால் அங்கே வண்டல் படிந்து, அடைப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

துணியை விரியுங்கள். அது தோண்டிய மண்ணின் முகத்தை ஒட்டி மேலிருந்து இறங்கி, அடியில் திரும்பி, சுவரின் பின்முகத்தில் ஒரு சாண் ஏறி நிற்க வேண்டும். மேலே மடித்து மூடுவதற்கு 30 செ.மீ.க்குக் குறையாமல் மிச்சம் விடுங்கள். ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடத்தில் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். இழுத்துக் கட்டாதீர்கள், ஜல்லியின் பாரம் ஏறும்போது கிழியும். கொஞ்சம் தளர்வாக, மண்ணோடு ஒட்டிக் கிடக்கட்டும்.

துணிமேல் 5 செ.மீ. ஜல்லி, அதன்மேல் குழாய். மேட்டு முனையில் இரண்டு 45 பாகை வளைவுகளைச் சேர்த்துக் குழாயைத் துளையில்லாத பைப்பால் தரைக்கு மேலே ஏற்றி மூடி போடுங்கள். பின்னாளில் ஹோஸைச் செருகிக் கழுவ இதுதான் வழி. ஒரே 90 பாகை எல்போ போட்டால் கழுவும் கம்பி அந்த இடத்தில் திரும்பாது. தாழ்ந்த முனையில் கடைசி ஒரு மீட்டருக்குத் துளையில்லாத பைப் போட வேண்டும். துளையுள்ளதைப் போட்டால் சேர்த்த தண்ணீரைச் சுவரின் முனையிலேயே மண்ணுக்குள் திருப்பி விட்டுவிடும். வாயில் வலை இல்லையென்றால் எலி கூடு கட்டும்.

இனி ஜல்லியையும் பின்மண்ணையும் சேர்த்தே ஏற்ற வேண்டும், 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாக. ஜல்லி அடுக்கின் அகலம் சுவரிலிருந்து 30 செ.மீ. துணிக்கு ஒருபக்கம் ஜல்லி, மறுபக்கம் மண், இரண்டும் ஒரே மட்டத்தில் உயர்ந்தால் துணி நேராக நிற்கும். ஒவ்வொரு மண் அடுக்கையும் இடித்து இறுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் கைத் திமிசு மட்டும். அதிரும் எந்திரத்தை அங்கே கொண்டுவந்தால் தண்ணீர் செய்யவிருந்ததை அதுவே முதல் நாளில் செய்துவிடும். மொத்த மண்ணையும் ஒரே தடவையில் தள்ளிவிட்டு மேலே மட்டும் இடிப்பதால் பயனில்லை. அடியில் உள்ளது அடுத்த மழையில் அமுங்கி, மேலே சுவரோரமாகப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் ஊர்த் தண்ணீரையெல்லாம் சுவருக்குப் பின்னால் இழுத்துவரும்.

சுவர் உச்சிக்கு 20 செ.மீ. கீழே ஜல்லியை நிறுத்தித் துணியை மடித்து மூடுங்கள். மூடுவதற்கு முன் ஒரு சோதனை: மேட்டு முனையில் ஜல்லிமேல் ஹோஸைப் போட்டுக் கால் மணி நேரம் தண்ணீர் விடுங்கள். வெளிவாயில் தண்ணீர் வர வேண்டும். முதலில் கொஞ்சம் கலங்கலாக வரும், பிறகு தெளியும். வரவே இல்லையென்றால் வாட்டம் எங்கோ திரும்பியிருக்கிறது. இப்போது பிரித்தால் அரை நாள் வேலை. மேல்மண் போட்டுச் செடி வைத்த பிறகென்றால் கதை வேறு.

துணிக்கு மேல் வரும் அந்த 20 செ.மீ. களிப்பான மண்ணாக இருக்கட்டும், இடித்துப் போடுங்கள். மழைத்தண்ணீர் நேராக ஜல்லிக்குள் இறங்காமல் மேற்பரப்பிலேயே ஓடிவிட வேண்டும். தரையின் வாட்டம் சுவரைவிட்டு விலகி, மீட்டருக்கு 2 செ.மீ. என்ற அளவில் பின்பக்கம் இறங்கட்டும். ஒரு மீட்டர் பின்னால் 15 செ.மீ. ஆழம், 50 செ.மீ. அகலத்தில் ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று எடுத்துச் சுவரின் முனையைச் சுற்றி வெளியே விட்டால், மேட்டிலிருந்து வரும் தண்ணீரில் பெரும்பகுதி சுவர்ப்பக்கமே வராது. செலவில் மிகக் குறைவு, பலனில் மிக அதிகம் இந்த வாய்க்கால்தான். விந்தை என்னவென்றால், பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

கூரைத் தண்ணீரை இந்தத் துளைக் குழாயில் சேர்க்கவே கூடாது. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்கும். அவ்வளவும் துளைகள் வழியாகச் சுவருக்குப் பின்னால் பரவும். கூரைக்குத் தனிக் குழாய், துளையில்லாமல், நேராக வெளியே.

சுவர் சொல்லும் அறிகுறிகள்

ஒரு பெருமழை முடிந்ததும் முன்பக்கம் நின்று பாருங்கள். கசிவுத் துளைகள் உலர்ந்திருக்கின்றனவா? சுவர் முகமும் உலர்ந்திருந்தால் நல்லது. குழாயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. துளை உலர்ந்து, சுவர் மட்டும் ஈரமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் துளை அடைபட்டிருக்கிறது. பூச்சுக்காரரோ வர்ணம் அடித்தவரோ அசிங்கமாகத் தெரிகிறதென்று துளைகளைப் பூசி மூடிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது, சுவரின் ஊடாகவே நீர் கசிந்து முகத்தில் காய்வதன் அடையாளம். வெளிவாயில் ஒவ்வொரு மழைக்கும் கலங்கல் தண்ணீரே வந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கிறது, மேட்டு மண் கரைந்து வருகிறது. மேலே சுவருக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மழையே இல்லாத நாள்களில் துளை ஒழுகினால் மேட்டில் புதைத்த தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்த் தொட்டியோ கசிகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சுவர் நடுவயிற்றில் புடைத்திருந்தாலோ, கீழ்ப்பகுதியில் கிடைமட்டமாக வெடிப்பு ஓடினாலோ அது அழுத்தத்தால் வந்தது. உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அடியில் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது என்று அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். வெடிப்பின் இரு பக்கமும் பென்சில் கோடு போட்டு இடைவெளியையும் குறியுங்கள். பழைய சாய்வு அப்படியே நிற்கிறதா, நகர்ந்துகொண்டே இருக்கிறதா என்பது இரண்டு மூன்று பெருமழைக்குள் தெரிந்துவிடும். நகர்கிற சுவர் என்றால் அதற்குக் கீழே யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டு, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

1.2 மீட்டருக்கு மேல் உயரம், மேலே வண்டி நிற்கும் இடம், பின்னால் சரிவு நிலம், பக்கத்தில் கட்டடம் என எது இருந்தாலும் தொடக்கத்திலேயே பொறியாளர் வேண்டும். படிப்படியாக இரண்டு சுவர் கட்டும்போதும் அப்படித்தான்: மேல்சுவர், கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரமாவது பின்னால் இல்லையென்றால் அதன் பாரமும் கீழ்ச்சுவர் மேல்தான் ஏறும்.

வடிகால் இல்லாமல் கட்டி முடித்த சுவர்

முதலில் மேலே கை வையுங்கள். சுவரோரப் பள்ளங்களை நிரப்பி, வாட்டத்தைத் திருப்பி, பின்னால் வாய்க்கால் எடுங்கள். கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழுந்தால் வேறு பக்கம் திருப்புங்கள். தண்ணீரின் வரத்தைக் குறைத்ததிலேயே பல சுவர்கள் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, முன்பக்கத்திலிருந்து கசிவுத் துளை போடலாம். தரைக்கு 15 செ.மீ. மேலே, 1.5 மீட்டருக்கு ஒன்றாக, உள்நோக்கிச் சற்று மேலேறும்படி சுவரைத் துளைத்து, பின்மண்ணுக்குள் 30 முதல் 60 செ.மீ. வரை நுழையுமாறு துளையிட்ட பைப்பைச் செருக வேண்டும். பைப்பின் உள்முனையை மூடி, மண்ணுக்குள் இருக்கும் பகுதியைத் துணியால் சுற்றியிருக்க வேண்டும். இங்கே ஜல்லி இல்லை என்பதால் குழாய்க்கு உறை அவசியம். சும்மா துளை மட்டும் போட்டு விட்டால் தண்ணீரோடு மண்ணும் வெளியேறி மேலே குழி விழும். சுவரில் கம்பி ஓடுகிறதென்றால் கம்பி இருக்கும் இடம் தெரியாமல் துளைக்காதீர்கள். களிமண்ணில் இந்த முறைக்கு எல்லை உண்டு; அதில் தண்ணீர் மாதத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும் என்பதால், ஒவ்வொரு துளையும் தன்னைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தை மட்டுமே வடிக்கும்.

அப்படிப்பட்ட மண்ணில் பின்பக்கம் தோண்டி, முறையாக ஜல்லியும் குழாயும் வைப்பதுதான் வழி. கோடையில் செய்யுங்கள். சுவர் முழுநீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டாமல் ஒன்றரை மீட்டர் நீளப் பகுதிகளாக, தாழ்ந்த முனையிலிருந்து மேட்டு முனைக்குப் போங்கள். வெளிவாய் முதலில் வந்துவிடுவதால் நடுவில் மழை பிடித்தாலும் தண்ணீர் போக வழியிருக்கும். ஒரு பகுதியில் குழாய் வைத்து, ஜல்லி நிரப்பி, மண்ணை இடித்து மூடிய பிறகே அடுத்தது. குழியின் மண்முகத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக வெட்டுங்கள், எடுத்த மண்ணைக் குழியோரம் குவிக்காதீர்கள், குழிக்குள் ஒருவர் இறங்கினால் மேலே இன்னொருவர் நிற்கட்டும். சுவரின் முன்பக்க அடியில் மட்டும் மண்வெட்டியே படக் கூடாது. முன்னால் நகராமல் சுவரின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சாண் மண்தான்.